நடுப் பெடல்

மேல் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, முன்பலகையைப் பிடித்திருந்த இரண்டு கொண்டிகளையும் திருப்பி, பலகையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய்க் கட்டில்மேல் படுக்கவைத்துவிட்டு வந்து நின்றபோதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு நல்ல காரியம் செய்யப்போகிற சந்தோஷம்தான் இருந்தது. ஹெப்சி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நடுப் பெடல் சரியா இறங்க மாட்டேங்குதுங்க, சில இடத்துல சத்தம் கேக்குது, டயம் இருந்தா கொஞ்சம் பாருங்க.” இன்று சனிக்கிழமை, எனக்கு மதியம் ஒரு மணி ஷிஃப்ட். அவள் பத்து மணிக்கே பெண்கள் சங்கக் கூட்டம் என்று சர்ச்சுக்குப் போய்விட்டாள். அவள் வருவதற்குள் சரிசெய்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்பிவிட வேண்டும், அவளாக உட்கார்ந்து பெடலை மிதிக்கும்போது தெரியட்டும் என்று நினைத்திருந்தேன். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனை. நின்றவாக்கில் கம்பிகள், அவற்றுக்கு முன்னால் எண்பத்தெட்டுச் சுத்தியல்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி. நடுப் பெடலை மிதித்து இடது பக்கம் தள்ளி மாட்டினால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சட்டம் இறங்கும். அந்தச் சட்டத்திலிருந்து திரைச்சீலை மாதிரித் தொங்குகிற கம்பளித் துணிதான் ஃபெல்ட். சுத்தியல் கம்பியில் படாமல் துணியில் பட்டு, சத்தம் அடுத்த அறைக்குக்கூடப் போகாது. பழைய துணியைப் பூச்சி அரித்துவிட்டதென்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நானே பாரிமுனையில் அலைந்து பச்சை ஃபெல்ட் வாங்கிவந்து, கத்தரித்து, ஒட்டினேன். டார்ச் வெளிச்சம் அந்தப் பச்சைத் துணியில் நின்றது. நடுப்பகுதி நான் ஒட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. இடது பக்கம், கனத்த கம்பிகள் இருக்கிற இடத்தில், சுத்தியல் சுத்தியலாகப் பள்ளம் விழுந்திருந்தது. வலது பக்கம், சன்னக் கம்பிகளுக்கு முன்னால், அடுத்தடுத்து ஐந்து பள்ளங்கள். ஐந்தே ஐந்து. அவற்றில் துணி நைந்து அந்தப் பக்கத்துக் கம்பி தெரிந்தது.

நான் ரிலே பார்க்கிறவன், போன் லைன்களை இணைத்துப் பிரிக்கிற மின்சுவிட்சுகளை. இருபத்தாறு வருஷமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் நின்று, எந்த ரிலேயின் முனை தேய்ந்திருக்கிறது, எது கறுத்திருக்கிறது என்று பார்த்துத் தேய்த்துச் சரிசெய்கிற வேலை. முனை தேய்ந்திருந்தால் அந்த லைனில் பேச்சு அதிகம் என்று அர்த்தம். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் பேசியிருக்கிறார்கள் என்பதை அந்த முனை மறைக்க முடியாது. ஹெப்சி என்ன சொல்லியிருக்கிறாள், சனிக்கிழமை சாயந்தரம் ஞாயிறு பள்ளிப் பாட்டு ரெண்டு வாசிச்சுப் பாக்கறேன், வேற எங்க வாசிக்கறேன், விரலெல்லாம் பிடிச்சுக்குது என்று. பள்ளிப் பாட்டு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், நடுவில் இருக்கும், அவள் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நடு ஃபெல்ட் புதுசாக இருக்கிறது. அப்படியானால் பள்ளிப் பாட்டு வாசிக்கவில்லை. அல்லது வாசித்தது ஒன்றுமேயில்லை என்கிற அளவுக்கு வேறு எதையோ வாசித்திருக்கிறாள். இடது பக்கம் ஒருத்தி உட்கார்ந்தால் வலது பக்கக் கடைசிக்குக் கை எட்டாது. ஒரே ஆள் நடுவைத் தொடாமல் அங்கேயும் இங்கேயும் வாசிக்க முடியாது. நான் ஸ்டூலை இடது பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன். முடியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் உட்கார்ந்தால் முடியும். நடுவில் யாருக்கும் வேலை இருக்காது. நடு ஃபெல்ட் புதுசாகத்தான் இருக்கும். நான்கு கை. அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து தெரியும் என்று யோசித்தேன், தெரிந்தே இருந்தது, ஆல்பத்தில் ஒரு பழைய போட்டோவுக்குக் கீழே ஹெப்சியின் அப்பா அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார், ‘நான்கு கை வாசிப்பு, பாளையங்கோட்டை, கிறிஸ்துமஸ்’. கறுப்பு வெள்ளை. பத்தொன்பது வயசு ஹெப்சி இடது பக்கம். வலது பக்கம் ரெஜினால்ட்.

ரெஜினால்டைப் பற்றி நான் நினைப்பதில்லை, நினைப்பதில்லை என்று சொல்லிக்கொள்வதையே எத்தனை தடவை செய்கிறேன் என்று இப்போது பார்க்கிறேன். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் மகன். ஒரு காலத்தில் இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு இருந்தது, பிறகு நின்றுபோனது, ஏன் நின்றது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கோயம்புத்தூரில் எங்கேயோ இருந்தவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸுக்கு வந்து வேப்பேரியில் அக்கா வீட்டில் தங்கி, எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை எடுத்துக்கொண்டான். கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்தான். காபி குடித்தான். பியானோவைத் திறந்து நின்றவாக்கிலேயே வலது கையை ஒரு ஓட்டு ஓட்டினான், கீழே தொடங்கி உச்சி வரைக்கும், தண்ணீரைச் சிதறவிட்ட மாதிரி. “டச் நல்லா இருக்கு ஹெப்சி, மெட்ராஸ் உப்புக் காத்துல எப்படி வெச்சிருக்கே” என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாத சிரிப்பு. வாயைப் பொத்திக்கொள்ளாத சிரிப்பு. வெச்சிருந்தது நான்தான் ஐயா, பூச்சி உருண்டை போட்டது நான், மழைக்காலத்தில் உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பு கட்டித் தொங்கவிட்டது நான், ஃபெல்ட் மாற்றியது நான் என்று சொல்ல வேண்டுமென்று இருந்தது, காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அது எப்போது, புது ஃபெல்ட் ஒட்டியதற்கு அப்புறம், கொஞ்ச நாளில். அதற்குப் பிறகு என்னென்ன மாறியிருக்கிறது. வியாழக்கிழமை வியாழக்கிழமையாக நகம் வெட்டுகிறாள், ஒட்ட வெட்டுகிறாள். சமையலறையில் ஏதோ முனகுகிறாள், ஐந்தே சுரம், மேலே போய்க் கீழே வருகிறது, நான் உள்ளே நுழைந்தால் நின்றுவிடுகிறது. ஒருநாள் பகல் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது பியானோவுக்கு முன்னால் பெஞ்சுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று கிடந்தது. “பூச்சி அடிக்க ஏறி நின்னேன்” என்றாள். நான் அதைத் தூக்கிப்போய் மேஜையடியில் போட்டேன், எவ்வளவு ஒழுங்கான புருஷன். ஐந்து பள்ளத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே ஆழம். எவ்வளவு அழுத்தி அடித்திருந்தால் இப்படி நைந்துபோகும். தண்ணீர் தெளிக்கிற மாதிரி வாசிக்கிறவன் இப்படி அடிப்பானா என்று ஒரு கேள்வி வந்தது. ஆசை இருந்தால் அடிப்பான் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

சத்தம் குறைக்கிற வேலையே ஏகாம்பரம் சாரால் வந்தது. கீழ்வீடு அவருடையது, மேல்வீடும் அவருடையதுதான், நாங்கள் பதினாலு வருஷமாகக் குடியிருக்கிறோம். ஹைகோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், குரலை உயர்த்தாமல் ஆளை நிற்கவைத்துக் கேட்கிறவர். ரிட்டயர் ஆன வாரம் மேலே வந்தார். “மத்தியானத்துல ரெண்டு மணி நேரம் கண்ணை மூடறேன். தலைக்கு மேல டொய்ங் டொய்ங்னு கேக்குது. வாசிக்க வேணாம்னு சொல்லல. கேக்காம வாசிங்க.” ஹெப்சி முகம் சிறுத்துப்போனது. நான் அவருக்குச் சரி சார் என்றேன், உடனே சொன்னேன், யோசிக்காமல் சொன்னேன். இப்போது டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது, அன்றைக்கு எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அவள் வாசிக்கும்போது அவளுக்கு நான் அந்த வீட்டில் இல்லாத மாதிரி. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், அவள் முதுகு தெரியும், தோள் அசைவது தெரியும், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள், திரும்பும்போது வேறு எங்கிருந்தோ வருகிற முகம். ரெஜினால்ட் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இந்தப் பெட்டியிடம் எனக்குப் பொறாமை இருந்திருக்கிறது. பெடலைச் சரிசெய்து, துணி கட்டி, சத்தத்தை அமுக்கிக் கொடுத்தபோது எவ்வளவு உதவியான மனுஷன் என்று ஏகாம்பரம் சாரின் சம்சாரம் கனகவல்லி அம்மாள்கூடச் சொன்னார்கள். அமுக்கிக் கொடுத்தேன். அமுக்கிக் கொடுத்ததால்தான் இப்போது யாருக்கும் கேட்காமல், எனக்கும் கேட்காமல், கீழே தூங்குகிறவருக்கும் கேட்காமல், நான்கு கை.

எழுந்துபோய்ப் போனை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் பக்தவத்சலம்தான் எடுத்தான். எனக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரவில்லை என்றேன். “குரலே ஒரு மாதிரி இருக்குது நத்தானியேல் அண்ணே, டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றான். வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமலே நின்றேன். ரெஜினால்டின் அக்கா வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். சர்ச் டைரியில் ஒரே ஒரு தடவை பார்த்தது. மனப்பாடம் ஆனது எப்படி. சுழற்றினேன். அக்காதான் எடுத்தார்கள், ரெஜினால்ட் இருக்கிறாரா என்றேன். “தம்பி வெளிய போயிருக்கானே, யார் பேசறது?” எங்கே போயிருக்கிறார் என்று கேட்டேன். “சொல்லிட்டுப் போகலீங்க. சாப்பாடு வெளியனு மட்டும் சொன்னான்.” ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன், பெயரைச் சொல்லிக் கேட்டு, பதில் வாங்கி, அதற்கப்புறம் ராங் நம்பர். வேர்த்துப்போயிருந்தது. திரும்பி வந்து கீழ்ப்பலகையையும் கழற்றினேன். பெடல் நெம்புகோலிலிருந்து ஒரு கம்பி மேலே ஏறிப்போய்ச் சட்டத்தைப் பிடித்திருக்கிறது, கம்பியின் அடியில் மரை, மரையில் ஒரு நட்டு. அந்த நட்டு தளர்ந்திருந்ததுதான் கோளாறு. இரண்டு சுற்று முடுக்கினேன், சட்டம் ஒழுங்காக இறங்கியது. மிச்சமிருந்த பச்சைத் துணியில் ஒரு துண்டு வெட்டி ஐந்து பள்ளத்துக்கும் பின்னால் ஒட்டினேன். எதற்கு ஒட்டுகிறேன் என்று தெரியாமலே, ஓரம் பிசிறில்லாமல், பசை வழியாமல், அவ்வளவு சுத்தமாக ஒட்டினேன். அவனுடைய விரலுக்கு நான் மெத்தை வைத்துக் கொடுக்கிறேன். பசை காய்கிற வரைக்கும் ஊதிக்கூடப் பார்த்தேன். அப்புறம் குனிந்து, ஸ்பானரைப் போட்டு, முடுக்கிய நட்டைத் திருப்பித் திருப்பி முழுக்கக் கழற்றி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கம்பி நெம்புகோலிலிருந்து விலகி நின்றது. இனி பெடல் இறங்கும், இடது பக்கம் போய் மாட்டவும் செய்யும், மேலே சட்டம் மட்டும் அசையாது. காலுக்கு வித்தியாசம் தெரியாது. அடித்தால் தெரு வரைக்கும் கேட்கும். கேட்கட்டும். ஏகாம்பரம் சார் மேலே வந்து நிற்கட்டும், குரலை உயர்த்தாமல் கேட்கட்டும், இரண்டு பேரும் அவருக்குப் பதில் சொல்லட்டும். நான் கேட்க வேண்டாம். எனக்குக் கேட்கத் தெரியாது. பலகைகளை மாட்டி, கொண்டிகளைத் திருப்பி, மூடியை இறக்கினேன். மணி ஒன்றேகால்.

ஹெப்சி ஒன்றரைக்கு வந்தாள். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் ஒரு கணம் நிலையிலேயே நின்றாள். “டூட்டிக்குப் போகலியா?” தலைவலி என்றேன். அவள் கண் கூடத்துக் கடிகாரத்துக்குப் போய்விட்டு வந்தது. அதை நான் பார்த்தேன், பார்ப்பதற்காகத்தானே உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் கை வைத்தாள், கை குளுமையாக இருந்தது, விரல் நுனிகள் தட்டையாக, நகமில்லாமல். “சுடலையே. சாப்பிட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் படுங்க.” கதவைச் சாத்திக்கிட்டு. கூட்டம் எப்படி என்றேன். நன்றாக நடந்ததாம், பழைய துணி சேகரிக்கிறார்களாம். ரெஜினால்ட் வந்திருந்தாரா என்று கேட்டேன். “பெண்கள் சங்கத்துக்கு அவர் எதுக்கு வர்றாரு” என்று ரசத்தை ஊற்றினாள். சொல்லும்போது குரல் மாறவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது, இவ்வளவு பழக்கமா என்று. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இவள் எழுந்துபோய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. பையன் திருச்சி ஹாஸ்டலில், எனக்கு ரிலேக்கள், வீடு திரும்பினால் இந்த மேஜை, எதிரே காலி நாற்காலி, அந்த நாற்காலி கடைசியாக எங்கே கிடந்தது என்ற ஞாபகம். கை கழுவிவிட்டு வந்து சொன்னேன், “உன் நடுப் பெடலைச் சரி பண்ணிட்டேன்.” அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. “நிஜமாவா, இன்னிக்கேவா?” என்றாள். “ரொம்ப நல்லதாப் போச்சு.” இன்னிக்கே. உள்ளே போய்ப் படுத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மின்விசிறி சுற்றுகிறது. கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவுகிற சத்தம், குழாய் நிற்கிறது, அவள் கூடத்துக்கு வருகிறாள், நாற்காலியைத் தூக்குகிறாள், இழுக்கவில்லை, தூக்கி வைக்கிறாள், சத்தம் வராமல் வைக்கப் பழகியிருக்கிறாள். அவனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், போனில் எண் சுழற்றுகிற சத்தமே இல்லை. புருஷன் உள்ளே படுத்திருக்கும்போதேவா. அவ்வளவு துணிச்சலா, அல்லது நான் அவ்வளவு இல்லாத ஆளா. சட்டைப் பையில் நட்டு நெஞ்சில் குத்துகிறது, புரண்டு படுத்தாலும் குத்துகிறது. இப்போதே எழுந்துபோய் மாட்டிவிடலாம், ஒரு நிமிஷ வேலை, ஏதோ மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எழுந்திருக்கவில்லை. மாடிப்படியில் காலடி. செருப்பில்லாத காலடி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுகிற காலடி. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வருகிறான், எவ்வளவு ஜாக்கிரதை. கதவைத் தட்டவில்லை, அவள் காத்திருந்து திறக்கிறாள். கிசுகிசுப்பு. “அவர் வீட்ல இருக்காரு... தலைவலி... தூங்கறாரு.” பதில் எனக்குப் புரியவில்லை. மறுபடி ஹெப்சி. “ஒரே ஒரு தடவ வாசிச்சுட்டுப் போங்க. ஊருக்குப் போனா மூணு மாசம் ஆயிடுமே.” மூன்று மாசம். எங்கே போகிறான். “பெடலைச் சரி பண்ணிட்டாரு, கதவுக்கு அந்தப் பக்கம் கேக்காது.” பெஞ்சு கிறீச்சிட்டது, நாற்காலி கிறீச்சிட்டது. மூடி திறந்தது. நடுப் பெடல் இறங்கி இடது பக்கம் மாட்டிக்கொண்ட டக் என்ற ஓசை கேட்டது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஹெப்சி மெல்ல எண்ணினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

வீடே அதிர்ந்தது. கீழே ஹெப்சியின் கனத்த சுரங்கள், மேலே ஐந்து சுரம், டங் டங் டங் என்று பள்ளிக்கூட மணியை அடிக்கிற மாதிரி ஐந்தே சுரம், மேலே போய்க் கீழே வந்து, மூன்றாவது தப்பி, மறுபடி அடித்து, சட்டென்று எல்லாம் நின்றது. நான் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு கூடத்தில் நின்றிருந்தேன். என்ன கேட்க வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். சாப்பாட்டு நாற்காலியில், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் சூடுபட்ட மாதிரி நெஞ்சோடு தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கனகவல்லி அம்மாள். அறுபத்தோரு வயசு. ஏகாம்பரம் சாரின் சம்சாரம். மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அவர்கள் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் பெரியவர்கள் முகத்தில் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரைக்கு அடியில் அவர் படுத்திருக்கிறார். “ஹெப்சி, கேட்டிருக்கும்மா” என்றார்கள். “கேட்டிருக்கும். நாற்பது வருஷமா ஒரு சினிமாப் பாட்டு முணுமுணுத்தாலே என்ன இது பழக்கம்னு கேக்கறவரு.” ஹெப்சி பெடலைப் பார்த்தாள். பெடல் மாட்டித்தான் இருந்தது. ஒரு தடவை எடுத்துவிட்டு மறுபடி மிதித்து மாட்டினாள். அப்புறம் மெல்ல என்னைப் பார்த்தாள். ஐந்து விரல். ஐந்து பள்ளம். கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, நகர்த்தத் தெரியாமல், ஒன்றரை வருஷமாக அந்த ஐந்து கட்டையையே அழுத்தி அழுத்தி அடித்த ஒரு அம்மாளின் விரல்.

கீழே கதவு திறந்தது. “யாரு அது?” ஏகாம்பரம் சாரின் குரல், உயராத குரல், மாடிப்படி வழியாக ஏறி வந்தது. கைத்தடி முதல் படியில் ஊன்றுகிற சத்தம். கனகவல்லி அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் பியானோவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வாசலுக்குப் போனேன். போகும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது, மாடிப்படி உச்சியில் நின்று கீழே அவருடைய வழுக்கையைப் பார்த்தபோது வாய் தானாகச் சொன்னது.

“நான்தான் சார்.”

“நீங்களா? உங்களுக்கு வாசிக்க வருமா?”

“இப்பதான் கத்துக்கறேன்.”

“அது தெரியுது” என்றார். தடியை இரண்டாவது படியில் ஊன்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். “இந்த வயசுல எதுக்கு சார் உங்களுக்கு?”

“ஆசையா இருந்துச்சு சார்.” படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். “பெடலைக் கழட்டிப் பாத்தேன், சத்தம் குறையல. ஒரு அஞ்சு நிமிஷம் வாசிச்சுப் பாத்துட்டு மாட்டிடறேன்.”

அவர் கடிகாரம் கட்டாத மணிக்கட்டைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம். கனகம் அங்க இருக்காளா?”

“இருக்காங்க சார். ஹெப்சிகூடப் பேசிட்டிருக்காங்க.”

“இந்தச் சத்தத்துல எப்படித்தான் பேசறாங்களோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நான் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். எல்லாம் கேட்டிருந்தது. ஹெப்சி உள்ளங்கையை நீட்டினாள். இருபத்தோரு வருஷத்தில் என்னைப் படிக்கக் கற்றுக்கொண்டவள். சட்டைப் பையிலிருந்து நட்டை எடுத்து அதில் வைத்தேன். “எதுக்கு?” என்றாள். ரெஜினால்ட் என்று நினைத்தேன் என்றேன். அதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது என்கிற அளவுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “என்கிட்டக் கேட்டிருக்கலாம்” என்றாள். “நீ சொல்லியிருக்கலாம்” என்றேன். “நீங்க ஞாயித்துக்கிழமை கீழ போய் அவரோட பேப்பர் படிக்கறீங்க. உங்க வாயில ஒண்ணும் நிக்காது. அம்மா சத்தியம் வாங்கிட்டுத்தான் உக்காந்தாங்க.” அப்புறம் நட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, “இத அப்புறம் பேசுவோம்” என்றாள். பேசுவோம் என்று தெரிந்தது, லேசில் முடியாது என்றும் தெரிந்தது. கனகவல்லி அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தயங்கி, “அஞ்சு நிமிஷம்னுதானே சொன்னாரு?” என்றார்கள். “ஆமா அம்மா.” “அப்ப... சத்தமாவேவா?”

ஹெப்சி குனிந்து நடுப் பெடலைக் கையால் விடுவித்தாள். “சத்தமாவே வாசிங்க. இது எப்படி இருக்கும்னு நீங்க இன்னும் கேட்டதே இல்லையே.” கனகவல்லி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்து, ஐந்து விரலையும் ஐந்து கட்டையில் வைத்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அம்மாள் தப்பு விட்ட இடத்தில் ஹெப்சி நிற்காமல் தன் பக்கத்தில் காத்திருந்தாள், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே காத்திருந்து, அவர்கள் வந்து சேர்ந்ததும் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கையால் லேசாக இடித்தாள், அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்காக அவள் இப்படி ஒரு தடவை காத்திருந்திருக்கிறாளா, நான் அப்படிக் காத்திருக்க வைக்கிற எதையாவது அவளிடம் கேட்டிருக்கிறேனா. மனசிலிருந்து ரெஜினால்ட் போய்விட்டான், பொறாமை போகவில்லை, அது அந்தச் சாப்பாட்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாள் கடைசிச் சுரத்தை எட்டி அடித்துவிட்டு, அது கம்பியில் ஓடி அடங்குவதைக் கண்ணாடிக்கு மேல் கண்ணை அகல வைத்துக் கேட்டார்கள். “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்றாள் ஹெப்சி. அவள் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொள்ளாமல். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொஞ்சம் காற்றாட வெளியே நிற்கலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன். மறுபடி எண்ணத் தொடங்கியிருந்த ஹெப்சி, தலையைத் திருப்பாமல், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் சொன்னாள்.

“வெளிய போயிடாதீங்க. நீங்கதான் வாசிக்கறீங்க.”